எட்டுக்கு ஒன்பது

போன ஞாயிற்றுக்கிழமை காலை. விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் பாண்டி போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். மடியில் பெரிய அட்டைப்பெட்டி. பக்கத்தில் என் மனைவி ஸ்டெல்லா. அவளுடைய வலது கை பெட்டியின் மேல்.

கண்டக்டர் வந்தார். பெட்டியைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"என்னா சார் உள்ள?"

"ராணுவ வண்டி" என்றேன்.

டிக்கெட் மெஷினை அழுத்தப் போன விரல் அப்படியே நின்றது.

"கவச வண்டிங்க. எட்டு சக்கரம். வேற கிரகத்துல ஓடுறது."

"ஏங்க, சும்மா வரமாட்டீங்களா?" என்று ஸ்டெல்லா என் முழங்கையில் இடித்தாள். கண்டக்டரிடம் திரும்பி, "பொம்மைங்க. பிளாஸ்டிக் கட்டைல செஞ்சது" என்றாள்.

"பெரிசா இருக்குதே. மேல வெச்சுடுங்களேன்."

"வேணாங்க. மடியிலேயே இருக்கட்டும்."

கண்டக்டர் யோசித்தார். "சரி, இருக்கட்டும். ஆனா வழியில சண்ட கிண்ட போட்டுச்சுன்னா வடலூர்லயே எறக்கி வுட்டுடுவேன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். முன் சீட்டில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். ஸ்டெல்லாவும் சிரித்தாள். கையை மட்டும் எடுக்கவில்லை.

இந்த வண்டிக்கதையை உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொன்னால் எனக்குத்தான் மானம் போகும். பரவாயில்லை... இந்தப் பத்தியில் போகாத மானமா?

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பத்தி எழுதுவது எனக்கு வாரத்தில் ஒருநாள் வேலை. மற்ற நாளெல்லாம் நான் ஆவண எழுத்தர். அதாவது, பத்திரப் பதிவு ஆபீஸுக்கு எதிரே உட்கார்ந்து கிரயப் பத்திரம், பாகப்பிரிவினை, தான செட்டில்மென்ட் எல்லாம் எழுதித் தருகிறவன். கம்மாபுரத்து நிலமும் நல்லூர்க் காடும் என் பேனாவைத் தாண்டித்தான் கைமாறும் என்று நான் பெருமையாகச் சொல்வதுண்டு. ஸ்டெல்லா அதை நம்புவதில்லை.

ஸ்டெல்லா வேலை செய்வது செராமிக் பேட்டையில், ஒரு சின்ன பொம்மைக் கம்பெனியில். இருபத்திரண்டு வருடமாக மோல்டு செக்‌ஷன். ஒரு பொம்மைக்கு முதல் உருவத்தைக் கையால் செய்வது அவள்தான். அந்த உருவத்தின் மேல் பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுப்பார்கள். அச்சுக்குள் களிமண் கரைசல் போகும். காய்ந்தபின் சூளைக்குப் போகும். வெளியே வரும்போது பொம்மை சுருங்கியிருக்கும்.

எவ்வளவு சுருங்கும்? அங்கேதான் அவள் கைவரிசை. எட்டு அங்குலத்தில் பிள்ளையார் வேண்டுமென்றால் முதல் உருவம் ஒன்பது அங்குலத்தில் செய்ய வேண்டும். எட்டு அங்குல மாதா என்றாலும் ஒன்பதுதான். எல்லா மதமும் சூளைக்குள் சமமாகச் சுருங்கும். அவர்கள் கம்பெனியில் இதற்கு 'எட்டுக்கு ஒன்பது' என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லித்தந்துவிடுவார்கள்.

இது கம்பெனியோடு நின்றால் தேவலையே. வீட்டுக்கும் வந்துவிட்டது. இரண்டு பேருக்குச் சோறு வடித்தால் மூன்றாவது ஆள் தாராளமாகச் சாப்பிடலாம். மகளுக்குத் துணி தைத்தால், "தோச்சா சுருங்குங்க" என்று இரண்டு விரல் கூடவே வைப்பாள். என் பேச்சுக்கு மட்டும் கணக்கு தலைகீழ். நான் ஒன்பது சொன்னால் எட்டுதான் எடுத்துக்கொள்வாள். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே இதை என் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து நான் பத்தாகச் சொல்ல ஆரம்பித்தேன். அதற்கும் அவள் கணக்கை மாற்றிக்கொண்டாள்.

சரி, வண்டிக்கு வருவோம்.

எங்கள் மகள் ரோஸி சின்ன வயதில் விளையாடிய பிளாஸ்டிக் கட்டைகள் ஒரு பக்கெட் நிறைய வீட்டில் கிடந்தன. உங்கள் வீட்டிலும் இருக்கும். மேலே குமிழ் குமிழாக, ஒன்றோடொன்று 'டக்'கென்று பூட்டிக்கொள்ளுமே, அதுதான். ரோஸி இப்போது சென்னையில் வேலைக்குப் போகிறாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள், அந்தப் பக்கெட்டை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று ஸ்டெல்லா கீழே இறக்கினாள். தூசு தட்ட உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை.

"என்னா ஸ்டெல்லா, நீ இன்னும் சின்னப் புள்ளையா?" என்று கேட்டேன்.

"இத காய வெக்க வேணாங்க. சூளைல வெக்க வேணாம். தப்பாப் போச்சுன்னா பிரிச்சுட்டுத் திரும்பப் பண்ணலாம்" என்றாள். "களிமண்ணு அப்பிடி இல்ல. வெந்துடுச்சுன்னா வெந்ததுதான்."

எனக்கு அப்போது அது பெரிதாகப் படவில்லை. இருபத்திரண்டு வருடமாக, திருத்த முடியாத வேலையையே செய்துவந்தவளுக்குத் திருத்தக்கூடிய ஒன்று கையில் கிடைத்திருக்கிறது. அதன் சந்தோஷம் எனக்கெங்கே தெரியும்? நான் பிழைதிருத்தல் பத்திரம் போட்டே பழகியவன்.

முதலில் வீடு கட்டினாள். அப்புறம் மாதா கோயில். அப்புறம் ஒருநாள் கம்மாபுரம் பக்கம் ஒரு விசேஷத்துக்குப் போய்த் திரும்பும்போது, நிலக்கரி வெட்டும் இடத்தை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். கருப்பும் சாம்பலுமாக மேடு மேடாக மண். தூரத்தில் வீடு உயரத்துக்கு மெஷின்கள்.

"வேற கிரகம்னா இப்பிடித்தாங்க இருக்கும்" என்றாள். "இதுல ஓடுற மாதிரி ஒரு வண்டி செய்யணும்."

செய்ய ஆரம்பித்தாள். படம் பார்த்துக் கட்டும் ரெடிமேட் செட் இல்லை. சொந்த டிசைன். கட்டம் போட்ட நோட்டில், ஒரு கட்டத்துக்கு ஒரு குமிழ் என்று முழு வண்டியையும் வரைந்தாள். சென்னையில் பழைய கட்டைகளை மொத்தமாக விற்கும் இடத்தைக் கண்டுபிடித்து ரோஸி மூட்டையாக அனுப்பினாள். ஸ்டெல்லா அதிலிருந்து சாம்பல், கருப்பு, மண் நிறம் மட்டும் பொறுக்கினாள். மிச்ச சிவப்பும் மஞ்சளும் என் மேஜைக்கு அடியில் இன்னும் கிடக்கின்றன.

எட்டு தடித்த சக்கரங்கள். ஒவ்வொன்றும் தனித்தனியாக ஏறி இறங்கும். பெண்ணாடம் ரோட்டில் கரும்பு லோடு டிராக்டர்கள் பள்ளத்தில் இறங்கி ஆடுவதைப் பார்த்து வந்த யோசனையாம் அது. சரிந்த பக்கச் சுவர்கள். மேலே சுற்றும் பீரங்கி. பின்னால் ஒரு கதவு. கூரையைத் திறந்தால் உள்ளே ஆறு சீட்டு, ஒரு படுக்கை, ஒரு மூலையில் அடுப்பு, அடுப்பின் மேல் கெட்டில்.

"ராணுவ வண்டிக்குள்ள கெட்டில் எதுக்கு?"

"அவங்க டீ குடிக்க மாட்டாங்களா?"

"இந்த பீரங்கி யாரச் சுடும்?"

"யாரையும் சுடாது. அது சும்மா, பயங்காட்ட. வண்டியே உள்ள இருக்குறவங்களப் பத்திரமா வெச்சுக்கத்தான்."

வண்டிக்கு 'முத்தாறு-8' என்று பெயர் வைத்தாள். நம்ம ஊர் ஆற்றின் பெயரில் பாதி. எட்டு, சக்கரத்துக்கு.

அது வளர்ந்த இடம் எங்கள் சாப்பாட்டு மேஜை. பத்திர பாஷையில் நான்கு எல்லை சொல்வதென்றால் — ஊறுகாய் ஜாடிக்குக் கிழக்கு, மாத்திரை டப்பாவுக்கு மேற்கு, தண்ணீர் ஜக்குக்குத் தெற்கு, என் தட்டுக்கு வடக்கு. நாளாக நாளாக என் தட்டுப் பக்கத்து எல்லை ஆக்கிரமிக்கப்பட்டது. நான் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடக் கற்றுக்கொண்டேன்.

வண்டி பாதி முடிந்திருக்கும்போது ரோஸி போன் செய்தாள். பாண்டியில் இந்தக் கட்டைப் பிரியர்கள் சேர்ந்து ஒருநாள் கண்காட்சி வைக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். போட்டோவும் வரைபடமும் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். ரோஸி சொல்லாமல் கொள்ளாமல் அம்மாவின் வண்டியை அனுப்பியிருக்கிறாள். தேர்வாகிவிட்டது.

"ஒரு ஃபார்ம் மட்டும் ஃபில் பண்ணணும்ப்பா. நான் பண்ணிடவா?"

"நீ எதுக்கு?" என்றேன். எழுத்து சம்பந்தப்பட்டது எதுவானாலும் இந்த வீட்டில் அது என் இலாகா. போனில் படிவத்தைத் திறந்தேன். வண்டியின் பெயர், ஊர், நீளம், அகலம், உயரம், இத்யாதி. நோட்டில் ஸ்டெல்லா வரைந்ததைப் பார்த்து நீளம் நாற்பத்தெட்டு சென்டிமீட்டர் என்று போட்டேன். இருபத்தெட்டு வருடமாகப் படிவம் நிரப்புகிற கை. இரண்டு நிமிடத்தில் முடித்து அனுப்பிவிட்டேன்.

"ஒரு தடவ படிச்சுப் பாத்தீங்களாப்பா?" என்றாள் ரோஸி.

"உங்கப்பன் எழுதுனதுல தப்பு வருமா?" என்றேன்.

இந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பாண்டியிலிருந்து பதில் வந்தது. ஒவ்வொரு வண்டியும் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்படும். பெட்டியின் உள்நீளம் ஐம்பது சென்டிமீட்டர். ஒவ்வொன்றின் முன்னாலும் அதைத் தயாரித்தவர் பெயரோடு அட்டை வைக்கப்படும். ஸ்டெல்லா அந்தக் கடைசி வரியை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். இன்னும் தெளிவாகக் கேட்கட்டுமே என்று மூன்று தடவை படித்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வண்டி முடிந்தது. நான் ஓர் அட்டைப்பெட்டி வாங்கி வந்து, உள்நீளம் சரியாக ஐம்பது வருமாறு வெட்டி ஒட்டினேன். கண்ணாடிப் பெட்டிக்கு ஓர் ஒத்திகை வேண்டாமா? இரண்டு பேருமாக வண்டியைத் தூக்கி உள்ளே இறக்கினோம்.

இறங்கவில்லை.

"பெட்டிய தப்பா வெட்டிட்டீங்க" என்றாள்.

அளந்தோம். ஐம்பது. வண்டியை அளந்தோம். ஐம்பத்து நான்கு.

ஸ்டெல்லா நோட்டை எடுத்தாள். வரைபடத்தில் கட்டங்களை எண்ணினாள். வண்டியில் குமிழ்களை எண்ணினாள். முன் சக்கரத்துக்கும் அடுத்த சக்கரத்துக்கும் நடுவே வரைபடத்தில் பதினாறு, வண்டியில் பதினெட்டு. பக்கச் சுவரில் வரைபடத்தில் இருபத்து நான்கு, வண்டியில் இருபத்தேழு. கதவு எட்டு... வண்டியில் ஒன்பது.

அவள் எண்ணுவதை நிறுத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கை தானா போட்டுருச்சுங்க" என்றாள்.

புரிந்ததா உங்களுக்கு? சூளைக்கே போகாத பிளாஸ்டிக் வண்டிக்கு, அவள் கை தன் பாட்டுக்குச் சுருக்கம் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறது. ஒவ்வொரு இடத்திலும். ஒன்று விடாமல். கண் வரைபடத்தைப் பார்த்திருக்கிறது, கை கம்பெனியில் இருந்திருக்கிறது.

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. ஆனால் சிரிப்பு வந்துவிட்டதே, என்ன செய்வது? "அப்போ இந்த வண்டிய சூளைல வெச்சுட்டா சரியாப் போயிடும்ல?" என்று வேறு கேட்டுத் தொலைத்தேன்.

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள்.

அன்றைக்குச் சாப்பாட்டில் சோறு சரியாக இருந்தது. இரண்டு பேருக்கு இரண்டு பேர் சோறு. மிச்சமே இல்லை. எங்கள் கல்யாண வாழ்க்கையில் அப்படி நடந்ததில்லை. விஷயம் எவ்வளவு பெரிது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"நடுவுல ரெண்டு சக்கரத்த எடுத்துடலாமா?" என்று மெதுவாகக் கேட்டேன். "ஆறு சக்கரம் போதாதா? நீளம் கொறஞ்சுடும்."

"சூளைல ஒரு பக்கம் மட்டும் சுருங்குனா என்னா ஆவும் தெரியுமா? பொம்ம கோணிக்கும். சுருங்குனா எல்லாப் பக்கமும் சுருங்கணும். ஒரே நாள்ல முழுசும் பிரிச்சுக் கட்ட முடியாது."

வண்டியின் பக்கச் சுவரில் விரலை ஓட்டினாள். அப்புறம் சொன்னாள்.

"இருபத்திரண்டு வருசத்துல எவ்ளோ பொம்ம பண்ணியிருப்பேன்? ஊரெல்லாம் ஷோகேஸ்ல நிக்குது. ஒண்ணோட அடியிலயாச்சும் என் பேரு இருக்குதா? நான் கொற சொல்லல. அது கம்பெனி பொம்ம. ஆனா இது ஒண்ணுலயாச்சும் பேரு போட்ட அட்ட வெப்பாங்கன்னு பாத்தேன்."

சிரித்த வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

மறுநாள் காலையில் அவளே பாண்டிக்குப் போன் செய்தாள். கண்காட்சி நடத்துபவர்களில் ஒரு பெண் பேசினார். நடந்ததை மறைக்காமல் சொன்னாள் ஸ்டெல்லா. எட்டுக்கு ஒன்பதையும் சொன்னாள். மறுமுனையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஆனால் என் சிரிப்பு மாதிரி இல்லை, நல்ல சிரிப்பு.

"கேஸுக்குள்ள வைக்க முடியாதேக்கா. ஒண்ணு பண்ணலாம். தனியா டேபிள் போட்டுத் தரோம், வெளியில வைங்க. ஆனா யாராவது பக்கத்துலயே நிக்கணும். எல்லாரும் தொட்டுப் பாப்பாங்க, கேள்வி கேப்பாங்க. பரவாயில்லையா?"

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். முன்பின் தெரியாதவர்களிடம் நாலு வார்த்தை பேச அவளுக்குக் கூச்சம். கோயில் கூட்டத்தில்கூட என்னைத்தான் எழுந்து பேசச் சொல்வாள்.

"நான் இருக்கேன்ல? நான் பேசிக்கிறேன்" என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

"வேணாம்" என்றாள். "நீங்க பேசுனா ஒம்பதுக்கு எட்டுன்னு கழிச்சுக்கணும்னு அங்க யாருக்கும் தெரியாது. அப்பிடியே நம்பிடுவாங்க. நானே பேசுறேன். நீங்க சும்மா நின்னாப் போதும். வாயே தொறக்கக் கூடாது."

சத்தியம் செய்து கொடுத்தேன்.

இப்படித்தான் ஞாயிற்றுக்கிழமை, புதிதாக வெட்டி ஒட்டிய பெரிய பெட்டியோடு பஸ் ஏறினோம். சண்டை ஏதும் போடாமல் வண்டி பாண்டி போய்ச் சேர்ந்தது.

ஹாலில் ஜன்னல் ஓரமாக ஒரு மேஜை எங்களுக்காகக் காத்திருந்தது. அட்டையை ஏற்கனவே வைத்துவிட்டிருந்தார்கள். மேஜையின் முன் விளிம்பில், ஒரு சின்ன ஸ்டாண்டில், வருகிறவர்களைப் பார்த்தபடி. நாங்கள் சுவர்ப்பக்கம் போய் மேஜைக்குப் பின்னால் நின்றுகொண்டோம். வண்டியை இறக்கி, சக்கரங்களை நேராக்கி, பீரங்கியைச் சரிசெய்து முடிப்பதற்குள் கதவைத் திறந்துவிட்டார்கள். முன்னால் போய் அட்டையைப் பார்க்கக்கூட நேரமில்லை.

முதலில் வந்தவர்களிடம் ஸ்டெல்லாவின் குரல் வெளியே வரவே இல்லை. "வண்டிங்க" என்றாள், அவ்வளவுதான். அடுத்து வந்தவர்களிடம், "சக்கரம் தனித்தனியா ஏறி எறங்கும்" என்று அழுத்திக் காட்டினாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஆவண எழுத்தரை வாய் மூடி நிற்கவைப்பது எவ்வளவு பெரிய தண்டனை தெரியுமா?

ஆனால் பதினோரு மணிக்கு அந்தக் குரலைக் கேட்டிருக்க வேண்டும் நீங்கள். கூரையைக் கழற்றி உள்ளே காட்டுகிறாள். கெட்டிலுக்கு விளக்கம் சொல்கிறாள். பெண்ணாடம் கரும்பு டிராக்டர் பாண்டி ஹாலில் ஆடி அசைந்து வருகிறது. எட்டுக்கு ஒன்பது கதையை அவளே சொல்லி, அவளே முதலில் சிரிக்கிறாள். சுற்றி எப்போதும் ஏழெட்டுப் பேர். பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் எவ்வளவோ அழகான வண்டிகள், அரண்மனைகள். அவற்றைப் பார்க்கத்தான் முடியும். இதைத் தொடலாம், திறக்கலாம். ஆறு சென்டிமீட்டர் கூடிப் போனதில் இப்படி ஒரு லாபம்.

ஒன்றுதான் எனக்குப் புரியவில்லை. வந்தவர்கள் எல்லோரும் வண்டியைப் பார்த்தார்கள், அட்டையைப் படித்தார்கள், அப்புறம் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். ஒருவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். ஓர் அம்மா, "ரொம்பப் பொறுமை சார் உங்களுக்கு" என்றார். வாய் திறக்காமல் நிற்பதைச் சொல்கிறாராக்கும் என்று நினைத்துப் பணிவாகச் சிரித்தேன்.

அப்புறம் அவர் வந்தார். அறுபதைத் தாண்டியவர். விறைப்பான நடை. ராணுவத்தில் டிரைவராக இருந்து ஓய்வுபெற்றவராம், நிஜக் கவச வண்டியையே ஓட்டியவர். குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். பின்னால் போய்க் கதவைப் பார்த்தார்.

"கதவ பின்னாடி வெச்சிருக்கு. சரியா வெச்சிருக்கு" என்றார்.

"முன்னாடிதான சண்ட நடக்கும்? பின்னாடி எறங்குனாதான் வண்டி மறைச்சுக்கும்" என்றாள் ஸ்டெல்லா.

அவர் தலையை ஆட்டினார். முன்பக்கம் வந்து அட்டையைப் படித்தார். நிமிர்ந்தார். நேராக என்னிடம் கையை நீட்டி, என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"பிரமாதமா பண்ணியிருக்கீங்க சார். வீட்டம்மாவும் நல்லா வெளக்கிச் சொல்றாங்க. ஒரு சந்தேகம்... இது செய்யக்கூட லைசென்ஸ் வாங்கணுமா?"

லைசென்ஸா?

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தக் கை குலுக்கல் ஒரு விநாடி எனக்கு இனித்தது. அடுத்த விநாடி அந்த 'லைசென்ஸ்' உறைத்தது. எட்டி, அட்டையை எங்கள் பக்கம் திருப்பினேன்.

'முத்தாறு-8. விருத்தாசலம். தயாரித்தவர்: ச. இருதயராஜ், ஆவண எழுத்தர்' — கீழே என் உரிமம் எண்.

இருபத்தெட்டு வருடமாக நான் எழுதும் ஒவ்வொரு பத்திரத்தின் கடைசியிலும் ஒரு வரி உண்டு. 'ஆவணம் தயாரித்தவர்.' விற்பவர் மாறுவார், வாங்குபவர் மாறுவார், அந்த வரி மாறாது. அந்தச் சொல்லைப் பார்த்ததும் என் கை என் பெயரையும் உரிமம் எண்ணையும் எழுதிவிடும். கண் எதற்கு? பாண்டிக்காரர்கள் படிவத்தில் 'தயாரித்தவர்' என்று கேட்டார்கள். எழுதிவிட்டிருக்கிறேன். அவர்களும் உள்ளது உள்ளபடி அச்சடித்துவிட்டார்கள்.

ஸ்டெல்லா அட்டையைப் படித்தாள். அவள் முகத்தில் காலையிலிருந்து இருந்த வெளிச்சம் இறங்குவதைப் பார்த்தேன். அந்த நிமிடத்தை எழுதும்போது இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"நான் இல்லைங்க" என்றேன் பெரியவரிடம். சத்தியம் போனால் போகட்டும். குரல் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது, பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பினார்கள். "இதுல ஒரு கட்டகூட நான் வெக்கல. முழுசும் இவங்க செஞ்சது. நான் ஃபார்ம் எழுதுனவன். அதையும் தப்பா எழுதுனவன்."

பெரியவர் பதறிவிட்டார். "மன்னிச்சுக்குங்கம்மா" என்றார். பிறகு ஒரு காரியம் செய்தார். மறுபடி குனிந்து, முதல் சக்கரத்திலிருந்து ஆரம்பித்து, முழு வண்டியையும் முதலிலிருந்து பார்த்தார். இந்தத் தடவை ஒவ்வொரு கேள்வியும் ஸ்டெல்லாவிடம். அவளும் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். ஆனால் பழைய வேகம் இல்லை.

அவர் போனதும் அவள் என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"பொம்மைல பேரு இல்லன்னா பரவால்லங்க. அது பொம்ம. இதுல கூடவா?"

எவ்வளவோ பேருக்கு வார்த்தை எழுதிக் கொடுக்கிறவன் நான். அன்று எனக்குக் கிடைத்தது அவளுடைய வார்த்தைதான்.

"கை தானா போட்டுருச்சு ஸ்டெல்லா."

அவள் என்னைப் பார்த்தாள். உதட்டை இறுக்கிக்கொண்டாள். இறுக்கியும் நிற்கவில்லை, சிரிப்பு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை நான் சிரித்ததற்கு வட்டியும் முதலுமாகச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அதில் எவ்வளவு சிரிப்பு, எவ்வளவு தண்ணீர் என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை.

"புது அட்ட கேட்டு வாங்கிட்டு வரேன்" என்று கிளம்பினேன்.

"வேணாம். பேனாவக் குடுங்க."

சட்டைப்பையில் இருந்த பேனாவைக் கொடுத்தேன். பத்திரம் எழுதும் தடித்த பேனா. அட்டையை எடுத்து வெறுமையாக இருந்த பின்பக்கத்துக்குத் திருப்பினாள். மேஜையில் வைத்து, மோல்டு வேலைக்குக் குனிவதுபோல் குனிந்து, நிதானமாக எழுதினாள். ஸ்டெல்லா. நான்கு எழுத்தும் அட்டையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. 'விருத்தாசலம்' என்று எழுதக் கீழே கொஞ்சம்தான் இடம் மிச்சம். அதையும் பிரயோஜனப்படுத்திக்கொண்டாள்.

ஸ்டாண்டில் வைத்துவிட்டு, முன்பக்கம் போய் நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தாள். ஹாலின் வாசலிலிருந்தே படிக்கலாம் போலிருந்தது.

"இவ்ளோ பெருசாவா?" என்றேன்.

"இருக்கட்டுங்க" என்றாள். "சுருங்குனாலும் தெரியணும்ல?"

அட்டை இப்போது எங்கள் சாப்பாட்டு மேஜையில், வண்டிக்கு முன்னால் நிற்கிறது. நானும் அதில் இருக்கிறேன்... பின்பக்கம், உரிமம் எண்ணோடு.